ஜெயக்குமார் விற்காத டப்பா

காரின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டிப் படுத்துக்கொண்டுதான் ஜெயக்குமார் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வார். வந்தவருக்குத் தெரிவது இரண்டு பாதங்களும் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்ட பேன்ட்டும்தான். குரல் ஸ்டீயரிங்குக்குக் கீழேயிருந்து வரும். "ரிவர்ஸ் கேமராவா? கீதுங்க. காலைல வண்டிய எடுத்துகினு வாங்க." "சீட் கவரா? உக்காருங்க, தோ வந்துட்டேன்." "ஹார்னா? ஏங்க, இருக்கற ஹார்ன் பத்தலையா ஊருக்கு?"

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அந்தக் குரல் வராது.

"அண்ணே, டர்போ வண்டிக்கு ஆயில் கேட்ச் கேன் போடணுமா?"

பாதங்கள் அசையாமல் நின்றுவிடும். வயர் சீவும் சத்தம் நின்றுவிடும். கேட்டவர், காதில் விழவில்லையோ என்று இன்னொரு முறை உரக்கக் கேட்பார். சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து, "அது நம்மகிட்ட இல்லீங்க" என்று வரும். இருக்கிறதா என்று கேட்கவில்லை, வேண்டுமா என்றுதான் கேட்டோம் என்பது கேட்டவருக்கு உறைக்குமுன், கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக்கரவர்த்தி முந்திக்கொள்வார்.

"கண்டிப்பா போடுங்க. என் வண்டில இருந்துச்சு. அருமையான ஐட்டம்."

சொல்லிவிட்டு வலது கையை உயர்த்தி 'அருமை' என்று காட்டுவார். அந்தக் கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருக்கின்றன. கேட்டவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, அடுத்துக் கேட்க நினைத்ததை மறந்துபோவார்.

ஆரணியிலிருந்து ஆற்காடு போகும் சாலையில் இருக்கிறது ஜெயக்குமாரின் கார் அலங்காரக் கடை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். நாள் முழுக்கத் தறி அடிக்கும் சத்தத்தில் சுவரில் தொங்கும் ஸ்டீயரிங் உறைகள் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். "வண்டில எந்த மூலைல எந்தச் சத்தம் வந்தாலும் புடிச்சிடுவேன் சார். மொதல்ல தறிச் சத்தத்தைக் கழிச்சிடணும், அவ்ளோதான்" என்பார். அவருடைய அப்பாவும் அண்ணனும் பட்டு நெசவில் இருக்கிறார்கள். இவர் படிப்பை முடித்ததும் சென்னையில் ஒரு கடையில் வேலை கற்றுக்கொண்டு வந்து இதைத் திறந்தார். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, காதோரம் மட்டும் நரைத்த மனிதர்.

வேலை செய்யும்போது சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொள்வார். பொத்தான் முதுகுப் பக்கம் போய்விடும். குனியும்போது பெயின்ட்டில் கீறல் விழக் கூடாதாம். வண்டிக்குள் சேறும் சகதியுமாக இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். புது ஹார்னை மாட்டியதும் ஒரே ஒருமுறை அழுத்திப் பார்ப்பார்; பிறகு சாலையில் போகிறவர்களைப் பார்த்து 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று கையசைப்பார். ஊரில் கல்யாணப் புடவை எடுக்க வரும் வெளியூர்க்காரர்களின் கார்கள் முகூர்த்த மாதங்களில் இந்தச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும். பெண்கள் புடவைக் கடையில் உட்கார்ந்துவிட்டால், வண்டியோடு காத்திருக்கும் ஆண்கள் ஜெயக்குமார் கடைக்கு வருவார்கள். அவருடைய வியாபாரமே அந்தக் காத்திருப்பில்தான் நடக்கிறது.

நான் போனதும் எண்ணெயைப் பிடித்துவைக்கும் அந்தக் கேட்ச் கேன் டப்பாவைக் கேட்கத்தான். பழைய டர்போ கார் ஒன்று வாங்கியிருந்தேன். இணையத்தில் ஒருவர், இந்த டப்பா இல்லாவிட்டால் எஞ்சின் நாசம் என்று பயமுறுத்தியிருந்தார். இன்னொருவர், அது வீண் வேலை என்று சிரித்திருந்தார். ஜெயக்குமாரிடம் கேட்டேன். பாதங்கள் நின்றன. சக்கரவர்த்தி கையைத் தூக்கினார். ஒன்றும் புரியாமல் பக்கத்து டீக்கடைக்குப் போனேன். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஆரணில அந்த டப்பாவ மொதமொதல்ல கொண்ணாந்ததே அவர்தான் சார். இப்ப அது பேரச் சொன்னாலே பேஜாராயிடறாரு."

பிறகு விளக்கு மாற்ற, கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்ட என்று ஏதாவது காரணம் வைத்துக்கொண்டு அடிக்கடி போனேன். ஜெயக்குமார் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். பெரும்பாலும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்துதான்.

ஒரு காலத்தில் அந்தச் சின்ன அலுமினிய டப்பாவின் மேல் அவருக்குப் பக்தியே இருந்திருக்கிறது. டர்போ வண்டி வந்தால், காற்றுப் போகும் குழாய் ஒன்றைக் கழற்றி, வெள்ளைக் கைக்குட்டையை உள்ளே விட்டுத் துடைத்து வெளியே எடுப்பார். கைக்குட்டை கறுப்பாக, பிசுபிசுவென்று வரும். "பாத்தீங்களா? எஞ்சின் விடற மூச்சுல எண்ணெய் கலந்து வருது. அதையே திரும்ப எஞ்சின் இழுத்துக்குது. நடுவுல இந்த டப்பாவ வெச்சா எண்ணெய் இதுல நின்னுடும், காத்து மட்டும் போவும்." சர்வீஸ் சென்டரில், வண்டி செய்தவர்களே உள்ளே ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள், வெளியே இன்னொன்று தேவையில்லை என்று சொல்வார்களே என்று கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தார். "கம்பெனிக்காரன் வாரன்டி வரைக்கும் யோசிப்பான். அதுக்கப்புறம் வண்டி உங்களுதுதானே?"

மாட்டி முடித்து போனட்டை மூடும்போது ஒவ்வொருவரிடமும் தவறாமல் ஒன்று சொல்வார். "மாசத்துக்கு ஒரு தபா தொறந்து ஊத்திடணும். ரொம்பிடுச்சுன்னா இது இல்லாததவிட மோசம்."

ஒவ்வொருவரிடமும் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி அதே தெருக்காரர். ஜெயக்குமாரைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். சொந்தமாக ஒரு டர்போ டீசல் வேன் வைத்திருந்தார். பின்கண்ணாடியில் மகள் ரேணுகாதேவியின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சுற்றிலும் பூ வரைந்திருந்தார். போளூர், சேத்துப்பட்டிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்களை ஏற்றி இறக்குவார். ஆடி மாதம் படவேட்டுக்குக் கோயில் சவாரி. வாய் ஓயாத மனிதர். வேனில் ஏறியவர்கள் இறங்கும்போது உறவுக்காரர்களாகியிருப்பார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள்.

அவர் வேனுக்கு அந்த டப்பாவை மாட்டியது ஓர் ஆண்டு ஆடி பிறப்பதற்கு முந்தைய நாள். கடை நிறையக் கூட்டம். ஒருவர் ஹார்ன் வேலை செய்யவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். இரண்டு வண்டிகள் சாலையை மறித்து நின்றன. ஜெயக்குமார் இதையும் அதையும் பார்த்துக்கொண்டே டப்பாவை மாட்டினார். போனட்டை மூடினார். சக்கரவர்த்தி, "வர்றேன்டா, ஜல்தி போவணும்" என்று கிளம்பினார். இவ்வளவும் அவருக்கு நினைவிருக்கிறது. போனட்டை மூடும்போது என்ன சொன்னார் என்பது மட்டும் நினைவில் இல்லை.

"மூடற சத்தம் கேக்குது சார் எனக்கு. 'டப்'புனு. அதுக்கு முன்னால நான் வாயத் தொறந்தேனா, அதான் தெரியல."

அடுத்த ஆண்டு ஆடியில், ஒரு வெள்ளிக்கிழமை, சவாரிக்கு வந்த ஒரு குடும்பத்தை வேன் நிறைய ஏற்றிக்கொண்டு படவேடு போய்ச் சேர்ந்தார் சக்கரவர்த்தி. வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். எஞ்சின் தானாக வேகம் எடுத்தது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார், அப்போதும் நிற்கவில்லை. டீசல் எஞ்சினுக்குள் எண்ணெய் புகுந்துவிட்டால் அதையே எரித்துக்கொண்டு அது ஓடும். சாவிக்கும் அதற்கும் பிறகு சம்பந்தமில்லை. ஊளையிடுகிற மாதிரி சத்தம். வெள்ளைப் புகை வண்டியை மூடியது. இறங்கியவர்கள் ஓடினார்கள். கடைசி இருக்கையில் இருந்த வயதான தம்பதியால் சட்டென்று இறங்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்ட அந்த அம்மாவைக் கணவர் இழுத்துக்கொண்டிருந்தார்.

சக்கரவர்த்தி ஜெயக்குமாருக்குப் போன் செய்தார்.

ஜெயக்குமார் வழக்கம்போல ஒரு காரின் டாஷ்போர்டுக்கு அடியில் இருந்தார். போனை எடுத்ததும் முதலில் கேட்டது எஞ்சினின் சத்தம். அதற்குமேல் சக்கரவர்த்தியின் கூச்சல்.

"ஜெயா, சாவிய எடுத்துட்டேன்டா, நிக்கல! உள்ள ஆளுங்க கீறாங்கடா!"

"காத்தை அடைண்ணா! பில்டர்ல இருந்து வர்ற பைப்பப் புடுங்கிட்டு, காத்தை அடை! காத்து இல்லன்னா நின்னுடும்!"

சொன்னது தவறில்லை. காற்றை அடைத்தால் எஞ்சின் நிற்கத்தான் வேண்டும். எதை வைத்து அடைப்பது என்பதை ஜெயக்குமார் சொல்லவில்லை. அட்டையா, பலகையா, என்ன கிடைக்கும் என்று கேட்கவுமில்லை. சக்கரவர்த்தி போனை அணைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனட்டைத் திறந்து, குழாயைப் பிடுங்கி, தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி உள்ளே அழுத்தினார். உள்ளே சுழன்றுகொண்டிருந்த டர்போவின் விசிறி துண்டை இழுத்தது. துண்டோடு கையையும் இழுத்தது.

எஞ்சின் நின்றது.

"போன்ல திடீர்னு அமைதியாயிடுச்சு சார்," என்றார் ஜெயக்குமார். அன்று அவர் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, காரின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "நின்னுடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம். சிரிச்சுட்டேன். கடையில நின்னுகினு இருந்தவர்கிட்ட, 'படவேட்டுல ஒரு வண்டிய இங்க இருந்தே நிறுத்திட்டேன்'னு சொன்னேன். சொல்லி வாய மூடல, அவரு கத்தற சத்தம் வந்துச்சு."

சட்டையின் முதுகுப் பக்கப் பொத்தானைத் தடவினார்.

"பெரிய கியர்ல போட்டு, பிரேக்க அமுத்திகினு, கிளட்ச விட்டிருந்தாலும் நின்னிருக்கும் சார். கைய உள்ள விடவே வேணாம். அதுவும் எனக்குத் தெரியும். அது அப்ப வாய்ல வரல."

வேலூர் ஆஸ்பத்திரியில் விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. வேன் போளூரில் ஒரு பட்டறைக்குப் போனது. ஜெயக்குமார் பின்னாலேயே போனார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டப்பா நிரம்பியிருந்ததா? நிரம்பி வழிந்த எண்ணெயை எஞ்சின் ஒரேயடியாக இழுத்துக்கொண்டதா? அல்லது டப்பாவில் கொஞ்சம்தான் இருந்து, டர்போவில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் தானாகவே கெட்டு அந்த வழியாக எண்ணெய் வந்ததா? டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டறைக்காரர் நல்ல மனிதர். ஜெயக்குமாரின் பொருள் என்று தெரிந்து அதைத் தனியே எடுத்து வைத்திருந்தார். டீசல் ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, பளபளவென்று கையில் கொடுத்தார்.

"உள்ள எண்ணெய் இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சுப்பா. கொட்டிட்டுத்தான் கழுவினோம்."

"எவ்ளோ இருந்துச்சு?"

"யார் கவனிச்சாங்க?"

அதற்குப் பிறகு பார்க்கிற மெக்கானிக்குகளிடமெல்லாம் கேட்டிருக்கிறார். ஒருவர் டர்போ சீல்தான் என்றார், டப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும். இன்னொருவர் டப்பாதான் என்றார், சந்தேகமே இல்லை. மூன்றாமவர், எஞ்சின் ஆயிலை அளவுக்குமேல் ஊற்றியிருப்பார்கள் என்று கையை விரித்தார். வேன் துண்டு துண்டாகப் போய்விட்டது. இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. டர்போ வண்டிக்கு அந்த டப்பா வேண்டுமா வேண்டாமா என்பது மற்றவர்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஜெயக்குமாருக்குத் தினமும் அதோடுதான் விடிகிறது.

யாராவது ஒருவர் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. யாரும் திட்டவில்லை. சக்கரவர்த்தியின் மனைவி கமலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் எதிரிலும் ஜெயக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "நீ மட்டும் போன்ல சொல்லலன்னா வண்டியே பத்திகினு எரிஞ்சிருக்கும்பா. அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் உள்ளயே போயிருப்பாங்க. உன்னாலதான் உசுருங்க தப்பிச்சுது." இன்றும் வீட்டில் விசேஷம் என்றால் ஜெயக்குமாருக்குத் தனியே பாத்திரத்தில் சாப்பாடு வைத்து அனுப்புகிறார். அதை ஜெயக்குமார் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. டீக்கடை ஓரம் உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் கொடுத்துவிட்டு, பாத்திரத்தைத் தானே கழுவித் திருப்பி அனுப்புகிறார்.

சக்கரவர்த்தியால் இனி வண்டி ஓட்ட முடியாது. கை ஆறியதும், "வீட்ல குந்திகினு இன்னா பண்ணுவே? கடைக்கு வாண்ணா" என்று ஜெயக்குமார்தான் அழைத்து வந்தார். இடது கையால் ஸ்க்ரூ எடுத்துத் தருவது, வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பது, இதுதான் வேலை. பேச்சில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் வியாபாரமும் கூடியிருக்கிறது. அவர் ஜெயக்குமாருக்கு உதவுவதாக நினைத்துத்தான் கேட்ச் கேனையும் சிபாரிசு செய்கிறார். கடையில் அது இல்லை, இனிமேல் வரப்போவதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். "மறுபடி போடுவான் பாருங்க. நல்ல பொருள விட்டுட முடியுமா?" என்று என்னிடமே சொன்னார். அவருடைய கணக்கில் படவேட்டில் நடந்தது விதி, டப்பா ஓர் அருமையான ஐட்டம், ஜெயக்குமார் உயிர் காத்தவன். இந்த மூன்றிலும் அவருக்குக் குழப்பமே இல்லை.

சென்ற வாரம் ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது சேத்துப்பட்டிலிருந்து ஓர் இளைஞர் புது டர்போ காரோடு வந்தார். சுதாகர் என்று பெயர். அதே கேள்வியைக் கேட்டார். பாதங்கள் நின்றன. சக்கரவர்த்தி கையைத் தூக்கி, "கண்டிப்பா போடுங்க தம்பி" என்று ஆரம்பித்தார்.

ஜெயக்குமார் காருக்குள்ளிருந்து வெளியே வந்தார். தலையில் நூலாம்படை ஒட்டியிருந்தது. இளைஞரைப் பார்க்கவில்லை.

"அண்ணா. அதைத் தொறந்து ஊத்தணும்னு உன்கிட்ட சொன்னேனா நானு?"

சக்கரவர்த்திக்கு முதலில் புரியவில்லை. "எத?"

"டப்பாவ. மாட்டின அன்னிக்கு. மாசா மாசம் தொறந்து ஊத்தணும்னு சொன்னேனா?"

"சொல்லியிருப்பே."

"சொன்னேனா?"

"நீ எல்லாருக்கும் சொல்றவனாச்சே. எனக்குச் சொல்லாமயா வுட்டிருப்ப? சொல்லியிருப்ப. நான்தான் மறந்துட்டிருப்பேன்."

"ஞாபகம் கீதா உனக்கு?"

சக்கரவர்த்தி சாலையைப் பார்த்தார். ஆற்காடு பஸ் ஒன்று போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லடா," என்றார். "வுடு. இப்ப இன்னாத்துக்கு அது?"

"சொல்லலன்னா சொல்லலன்னு சொல்லுண்ணா. ஒரே ஒரு தபா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"தெரியாதத எப்பிடிடா சொல்றது?"

சுதாகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வேணுமா, வேணாமாண்ணே?" என்று தயங்கிக் கேட்டார். சற்று நின்றுவிட்டு, காருக்குள் தொங்கவிடும் வாசனைப் புட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இருட்டுவதற்குள் கடையைச் சாத்தினார்கள். பின்சுவரில் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெயக்குமார் சட்டையைக் கழற்றி நேராகப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தார். சக்கரவர்த்தியைத் தினமும் வீட்டில் விடுவது அவர்தான். சக்கரவர்த்தி இடது கையால் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். தாடைக்குக் கீழே தொங்கும் பட்டையின் கொக்கியை மாட்ட அவருக்கு விரல்கள் போதாது. ஜெயக்குமாரின் எதிரில் வந்து, சின்னப் பிள்ளை மாதிரித் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

இரண்டு முகங்களுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. ஜெயக்குமார் கண்களை மூடிக்கொண்டார். மூடியபடியே தடவித் தடவி அந்தக் கொக்கியைத் தேடினார்.